எது குப்பை, யார் சொல்வது?

1

எங்கள் பத்திரிகைக்கு அலுவலகம் என்று ஒன்று கிடையாது. ஒரு தோழர் வீட்டு முன்னறை, ஒரு இரும்பு பீரோ, பழைய கணினி ஒன்று. அவ்வளவுதான் சொத்து. 400 பிரதி அடிப்போம். அதில் பாதிக்குக் காசு வந்தால் பெரிய விசயம். தபாலில் வருகிற கடிதம் தோழர் வீட்டுக்கு வரும். மின்னஞ்சலில் வருவதைப் பார்க்கிற வேலை என்னுடையது என்று ஒரு கூட்டத்தில் முடிவாயிற்று. 'நீதான்யா தமிழ் எம்.ஏ., ஒத்து மிகுமா மிகாதான்னு தெரிஞ்ச ஆளு' என்று தலையில் கட்டிவிட்டார்கள்.

போன ஆடியில் அச்சகத்திலிருந்து வரவேண்டிய மெய்ப்பு வரவில்லை. போன் போட்டேன். 'அனுப்பி மூணு நாளாச்சே தோழர், குப்பையில கெடக்கான்னு பாருங்க' என்றார் அச்சகக்காரர். மின்னஞ்சலில் குப்பை என்று ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று எந்திரமே பிரித்து, வேண்டாததை அங்கே தள்ளிவிடும். 30 நாள் கழித்து அதுவே அழித்தும்விடும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். நானும் ஒன்றும் செய்யாமல்தான் இருந்தேன். அந்தப் பெட்டியைத் திறந்து பல மாதம் ஆகியிருந்தது.

மெய்ப்பு அங்கேதான் கிடந்தது. அதற்குக் கீழே லாட்டரிப் பரிசு, உடனடிக் கடன், முடி வளர்க்கும் தைலம். அந்தக் குவியலுக்குள் ஒரே முகவரியிலிருந்து இரண்டு கடிதம். முதல் கடிதம் வந்து 26 நாள் ஆகியிருந்தது. தலைப்பு எழுதவேண்டிய இடம் காலி. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தது. நான்கு போட்டோ. எழுதியது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கழுவ முறை போட்டிருக்கிறார்கள், அந்த முறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பெயர் மட்டும்தான் வருகிறது என்று எழுதியிருந்தது. முறை எழுதிய தாளைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தது. மாமா வீட்டில் கிடந்த பழைய இதழ் ஒன்றின் உள்அட்டையில் எங்கள் முகவரியைப் பார்த்ததாம்.

இரண்டாவது கடிதம் ஒன்பது நாள் கழித்து வந்தது. ஒரே வரி. 'நீங்களும் பதில் போட மாட்டீங்களா?'

அந்த 'நீங்களும்' என்ற சொல்லில் இருக்கிற உம்மை என்ன உம்மை என்று ஒரு மாணவன் கேட்டால் இறந்தது தழீஇய எச்சவும்மை என்று நான் சொல்லிவிடுவேன். முன்னால் நடந்ததையும் சேர்த்துச் சொல்வது. அவள் முன்னால் யார் யாரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள் என்பது அந்த ஓர் எழுத்துக்குள் கிடக்கிறது. தலைமை ஆசிரியர், ஊர்ப் பெரியவர், இன்னும் யார் யாரோ. கடைசியில் நாங்களும்.

2

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. சிறுபத்திரிகை நடத்துகிறவர்களுக்கு மாற்றுப் பிரதி என்றால் தெரியும். நாம் நம் இதழை அவர்களுக்கு அனுப்புவோம், அவர்கள் அவர்களுடையதை நமக்கு. 'வரப்பெற்றோம்' என்று ஒரு பகுதியில் பெயரும் முகவரியும் போடுவோம். நம் கட்டுரை ஒன்றைப் பற்றி வேறொரு இதழில் யாராவது எழுதினால், 'உங்கள் கட்டுரைக்கு எங்கள் இதழில் எதிர்வினை வந்திருக்கிறது, உங்கள் வாசகர்களுக்குத் தெரிவியுங்கள்' என்று ஒரு கார்டு வரும். நாமும் தெரிவிப்போம். ஒரு பேச்சு ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் தொடர்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. விளம்பரத்துக்குக் காசில்லாதவர்கள் ஒருவரையொருவர் தூக்கிவிட்டுக்கொண்ட முறை அது.

அப்படி ஒரு கடிதம் வந்தது. உங்கள் தண்ணீர்த் தொட்டிக் கட்டுரையை விரிவாக விவாதித்திருக்கிறோம், குறிப்பு வெளியிடுங்கள் என்று. நாங்களும் சந்தோசப்பட்டு, இதழைப் பார்க்காமலேயே பெயர், விலை, முகவரி எல்லாம் போட்டோம். திண்டிவனம் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதினார்: 'உங்களை நம்பி 150 ரூபாய் அனுப்பி வாங்கினேன். உங்கள் கட்டுரையைப் பற்றி ஒரு வரி இல்லை. பாதிப் பக்கம் போட்டித் தேர்வுப் புத்தக விளம்பரம், மீதி ராசிபலன். இனிமேல் இப்படிக் குறிப்பு போடாதீர்கள்.'

அந்த 150 ரூபாய் அவருக்கு அரை நாள் கூலி. நாங்கள் கூட்டம் போட்டோம். மூத்த தோழர் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார், தெளிவாகச் சொன்னார்: 'எதிர்வினைக் குறிப்புப் பகுதியையே எடுத்துருவோம். முன்பின் தெரியாத ஆள்கிட்டேருந்து எதையும் வாங்க வேணாம். நாய் நுழையுதுன்னா கதவைச் சாத்தத்தானே வேணும்?'

எங்களோடு தட்டச்சு செய்கிற கல்லூரித் தங்கச்சி ஒருத்தி, அதுவரை பேசாமல் இருந்தவள், சொன்னாள்: 'கதவைச் சாத்துனா நாய் சுவரேறி வந்துரும் அய்யா. மனுசன்தான் திரும்பிப் போவான்.'

இந்தக் கட்டுரை அந்த இரண்டு பேச்சுக்கும் இடையில் நின்று யோசித்தது.

3

குப்பைக் கடிதத்துக்கு உலகம் வைத்திருக்கிற பெயர் ஸ்பாம். இந்தப் பெயர் வந்த கதையைக் கேளுங்கள். அது ஒரு சாப்பாட்டின் பெயர். 1937-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஹார்மல் நிறுவனம் டப்பாவில் அடைத்து விற்ற பன்றிக்கறி. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்க்கு அதுதான் சோறு. போரில் நொந்துபோன நாடுகளில் ஏழைகளுக்கும் அதுவே கிடைத்த கறி. கொரியாவில் அமெரிக்க முகாம்களைச் சுற்றி வாழ்ந்த சனங்கள் முகாமிலிருந்து வந்த அந்தக் கறியைப் போட்டுக் குழம்பு வைத்துப் பசியாறினார்கள். இன்றும் 'பட்டாளக் குழம்பு' என்ற பொருள்படும் பெயரில் அங்கே அதைச் சாப்பிடுகிறார்கள். 1970-இல் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் மாண்டி பைத்தான் குழுவினர் ஒரு நகைச்சுவை போட்டார்கள். உணவகத்தில் எதைக் கேட்டாலும் ஸ்பாம், பேசவிடாமல் ஸ்பாம் ஸ்பாம் என்று பாட்டு. அதிலிருந்து, திரும்பத் திரும்ப வந்து மற்றவர் பேச்சை மூழ்கடிப்பதற்கு அதுவே பெயராகிவிட்டது.

ஒருவர் பசியாறிய கறி இன்னொருவர் வாயில் குப்பைக்குப் பெயராகிறது. இதைப் புரிந்துகொள்ள நமக்கு அகராதி வேண்டாம். எந்தக் கறியின் பெயரைச் சொல்லி நம்மைத் திட்டினார்கள், எந்த மிருகத்தின் பெயர் நம் தெருவுக்கு வைக்கப்பட்டது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். குப்பை என்ற பெயர் சூட்டுவதிலேயே ஓர் அதிகாரம் இருக்கிறது.

ஆனால் இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். 'வெளியே தள்ளப்பட்டதெல்லாம் ஒடுக்கப்பட்டது, எனவே குப்பைக் கடிதமும் தலித்துதான்' என்று எழுதிவிட ஒரு நிமிசம் போதும். கைதட்டும் கிடைக்கும். அது பொய். குப்பை அனுப்புகிறவன் யார் என்று பார்க்க வேண்டும். 1978-இல் அமெரிக்காவில், இணையம் பிறப்பதற்கு முந்தைய அர்ப்பாநெட் என்ற வலையில் முதல் விளம்பரக் கடிதத்தைச் சுமார் 400 பேருக்கு அனுப்பியவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற பெரிய கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்காரர். 1994-இல் ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒரே விளம்பரத்தைக் கொட்டியவர்கள் அரிசோனாவைச் சேர்ந்த இரண்டு வழக்குரைஞர்கள். எதற்கு விளம்பரம்? அமெரிக்காவில் குடியேறும் உரிமைக்கான குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்று. கட்டணமில்லாத விண்ணப்பத்தை, வழி தெரியாத ஏழை நாட்டுக்காரனிடம் காசுக்கு விற்கிற வேலை.

இவர்கள் யாரும் வாயில்லாதவர்கள் இல்லை. இவர்களுக்கு வாய் அதிகம். ஒரு கடிதம் எழுதுவதற்கு நம் பிள்ளை யாரோ ஒருவருடைய போனை இரவல் வாங்கி, யாரும் பார்க்காத நேரம் பார்த்து, பயந்து பயந்து தட்டுகிறது. குப்பைக்காரன் ஒரு பொத்தானைத் தட்டி லட்சம் பேருக்கு அனுப்புகிறான். அனுப்புவதற்கு அவனுக்குச் செலவில்லை. பார்த்துப் பொறுக்கித் தள்ளுகிற செலவெல்லாம் வாங்குகிறவன் தலையில். பேசுகிறவன் உழைப்பைப் போடாமல் கேட்கிறவன் உழைப்பை உறிஞ்சுகிற பேச்சு அது. ஆண்டை வீட்டுக் கழிவு சேரிப் பக்கம் வழிந்து ஓடுவதுபோல. ஆகவே குப்பை என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. அதைத் தடுப்பதும் நியாயம். அவனைத் தடுக்கக் கட்டிய சுவரில் இந்தப் பிள்ளை ஏன் முட்டிக்கொண்டது என்பதுதான் என் கேள்வி.

4

தோழர் ஒருவர் சமாதானம் சொன்னார்: 'எந்திரத்துக்கு என்ன சாதி தெரியும்? அது கணக்குத்தானே போடுது.' கணக்கு எப்படிப் போடுகிறது என்று படித்துப் பார்த்தேன்.

18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் பேய்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் நிகழ்தகவு பற்றி ஒரு கணக்கு எழுதி வைத்தார். அவர் செத்த பிறகு 1763-இல் அது அச்சானது. அந்தக் கணக்கை வைத்துக் குப்பையைப் பிரிக்கலாம் என்று 2002-இல் பால் கிரகாம் என்ற கணினி நிரலாளர் எழுதிய கட்டுரை பெரிதாகப் பேசப்பட்டது. வழி எளிது. இதற்குமுன் குப்பையில் போட்ட கடிதங்களில் ஒரு சொல் எத்தனை தடவை வந்தது, நல்ல கடிதங்களில் எத்தனை தடவை வந்தது என்று எண்ண வேண்டும். புதுக் கடிதம் வந்தால் அதிலுள்ள சொற்கள் இதுவரை யாரோடு சேர்ந்திருந்தன என்று பார்த்துத் தீர்ப்பு. அந்தக் கடிதம் என்ன சொல்கிறது என்று எந்திரம் படிப்பதில்லை. அது யாரைப்போல் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்ல கடிதத்தைத் தவறுதலாகக் குப்பையில் தள்ளுவது, குப்பையை உள்ளே விடுவதைவிட மோசமான தவறு என்பதை கிரகாம் ஒத்துக்கொண்டார். நல்ல கடிதங்களில் வந்த சொற்களை இரண்டு மடங்காக எண்ணும்படி கணக்கையே சாய்த்து வைத்தார். சமமாக நடத்துவது நியாயமாகாது, பாதிக்கப்படக்கூடியவன் பக்கம் சாய்வதுதான் நியாயம் என்று கணக்குக்காரருக்கே தெரிந்திருக்கிறது. இடஒதுக்கீடு என்றதும் 'தகுதி, திறமை' என்று துள்ளுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் எதிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில் இருக்கிறது விசயம். இதுவரை வந்த கடிதம் எல்லாம் ஒழுங்காகத் தலைப்பு போட்டு, மரியாதை சொல்லி, தமிழ் எழுத்தில் வந்தவை. எழுதியவர்கள் எழுதிப் பழகியவர்கள். முதல் முறை எழுதுகிற பிள்ளை அந்தச் சாயலில் இருக்க முடியாது. எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்பது மெய். ஆனால் யார் வழக்கமானவர், யார் வழக்கமில்லாதவர் என்று அதற்குத் தெரியும். நம் நாட்டில் யார் எங்கே வழக்கமில்லாதவர் ஆனார்கள் என்பதைச் சாதிதான் முடிவு செய்தது. பிறகு சாதியை எந்திரத்துக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு முறையும் உண்டு. ஒரு முகவரியிலிருந்து குப்பை வந்தால், அந்த முகவரி இருக்கிற வரிசையையே மொத்தமாக மறித்துவிடுவது. அதே வரிசையில் குடியிருக்கிற ஒரு குற்றமும் செய்யாதவன் கடிதமும் போய்ச் சேராது. இதற்குக் கறுப்புப் பட்டியல் என்று பெயர் வைத்திருந்தார்கள். 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்குப் பின்பு பல கணினி நிறுவனங்கள் 'கறுப்பு' என்பதை எடுத்துவிட்டு 'தடுப்புப் பட்டியல்' என்று மாற்றின. பெயர் மாறியது நல்லதுதான். வேலை அதே வேலை. தெருவை வைத்து ஆளைக் குற்றவாளியாக்குவது நமக்குப் புதுசா? 1871-இல் வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டான். 1911-இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். பிறந்த குழந்தையும் குற்றவாளி. நாடு முழுக்க அது ஒழிய 1952 ஆயிற்று. சட்டம் போனாலும் 'எந்தத் தெரு?' என்று கேட்டுவிட்டு வாடகை வீடு இல்லை என்று சொல்கிற வாய் போகவில்லை.

5

அப்படியானால் கதவையே எடுத்துவிடலாமா? எல்லாரும் வரட்டும், எல்லாம் பேசட்டும் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. பத்து வருசத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் பேசுவேன். 'வடிகட்டுதல் என்பதே ஆதிக்கத்தின் சொல்லாடல்' என்று மேடையில் சொல்லியிருக்கிறேன்.

2012 ஆகஸ்டில் கைபேசியில் பரவிய வதந்திக்குப் பயந்து வடகிழக்கு மாநிலத்துச் சனங்கள் பெங்களூரிலிருந்து ரயில் ரயிலாக ஊருக்கு ஓடினார்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில், குலசாமி கோயிலைத் தேடிக் காரில் வந்த ஒரு குடும்பத்தில் 65 வயது அம்மா ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று அடித்தே கொன்றார்கள். அதற்கு முன் வாரக்கணக்கில் கைபேசிகளில் 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்' என்ற குப்பை ஓடிக்கொண்டிருந்தது. இப்படி நாடெங்கும் கொலைகள் நடந்த பிறகு அதே வருசம் ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் ஒரே தடவையில் திருப்பி அனுப்ப முடியாதபடி வாட்ஸப் நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. கதவில்லாத வீட்டில் முதலில் சாகிறவர் வெளியூர்க்காரர், கிழவி, நாடோடி, மொழி தெரியாதவர். திறந்த கதவும் குற்றமற்றதல்ல.

கட்டுப்பாடு வந்தால் அது யார் கழுத்தில் விழுகிறது என்பதையும் பார்த்துவிட்டோம். 2011-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விளம்பரத் தொல்லையைத் தடுக்கப்போகிறேன் என்று ஒரு சிம்முக்கு நாளைக்கு 100 குறுஞ்செய்தி என்று வரம்பு வைத்தது. பிறகு 200 ஆக்கியது. விளம்பரக்காரன் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டான். மாட்டிக்கொண்டது கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுகிற சங்கத்துக்காரனும் மாணவனும்தான். சாதாரண மனிதனின் பேச்சுரிமைக்கு இது விரோதம் என்று 2012-இல் டெல்லி உயர்நீதிமன்றம் தனிப்பட்ட செய்திகளுக்கான அந்த வரம்பை ரத்து செய்தது. தங்கச்சி சொன்ன நாயும் மனுசனும் இதுதான்.

ஆக, இரண்டு தவறு உண்டு. குப்பையை உள்ளே விடுவது ஒன்று, குரலை வெளியே தள்ளுவது இன்னொன்று. முதல் தவறு நடந்தால் உடனே தெரியும். திண்டிவனத்து வாசகர் கடிதம் போடுவார். இரண்டாவது தவறு நடந்தால் தெரியவே தெரியாது. தள்ளப்பட்டவர் புகார் சொன்னாலும் அந்தப் புகாரும் அதே குப்பையில்தான் விழும். அந்தப் பிள்ளையின் இரண்டாவது கடிதம் அப்படித்தான் விழுந்தது. உள்ளே இருக்கிறவன் முனகலைக் கேட்டுக்கேட்டே சுவர் உயருகிறது. வெளியே இருக்கிறவன் அழுகை சுவருக்குக் கேட்பதில்லை. எல்லா அமைப்பும், நம்முடைய இயக்கங்களும் சேர்த்துத்தான், இப்படியே பழகியிருக்கின்றன.

6

புறநானூற்றில் அவ்வையார் அதியமான் வாசலில் காத்திருந்து, பரிசு தாமதமானதும் வாயில் காப்போனைக் கூப்பிட்டுப் பேசுகிற பாட்டு ஒன்று உண்டு. எங்கே போனாலும் எங்களுக்குச் சோறு கிடைக்கும் என்று சொல்லி யாழை எடுத்துக்கொண்டு கிளம்புகிற ரோசமான பாட்டு. எம்.ஏ. படிக்கும்போது எனக்கு ரொம்பப் பிடித்தது. இப்போது யோசித்தால், அந்த ரோசம் எங்கிருந்து வருகிறது? வேறு வாசல் இருப்பதிலிருந்து வருகிறது. போகிற திசையெல்லாம் வாசல் உள்ளவருக்கு ஒரு வாசல் சாத்தினால் நட்டமில்லை. நந்தனுக்கு அப்படி இல்லை. திருப்புன்கூரில் நந்தி விலகினாலும் அவன் உள்ளே போகவில்லை. தில்லையில் உள்ளே போக வேண்டுமானால் தீக்குளித்து வேறு ஆளாக வரவேண்டியிருந்தது. அந்த வாசல் அவனிடம் கேட்டது நீ நீயாக வராதே என்பதுதான். ஒழுங்காகத் தலைப்பு போட்டு, தமிழ் எழுத்தில் அடித்து, பெயர் முகவரியோடு வா என்று நாங்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதானே?

என் முடிவு இது. ஒருவரை மறுப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை அவருக்கு வேறு எத்தனை வாசல் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். தைல விளம்பரக்காரனுக்கு லட்சம் வாசல். அவனை ஆயிரம் தடவை தள்ளினாலும் பாவமில்லை. அந்தப் பிள்ளைக்கு அன்று ஒரு வாசல்தான் மிச்சம். அது எங்கள் வாசல்.

எங்கள் முன்னோர்கள் பத்திரிகை நடத்தியதே இந்த வாசல் பிரச்சனையால்தான். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயர் வைத்தே பத்திரிகை தொடங்கினார். 1896-இல் அதில் வந்த வாசகர் கடிதம் ஒன்றைக் காட்டி வழக்குப் போட்டார்கள். 100 ரூபாய் அபராதம். கடிதம் போட இடம் கொடுத்ததற்கு அந்தக் காலத்து 100 ரூபாய்! அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. 1920-இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, திலகர் ஆரம்பித்த 'கேசரி' பத்திரிகை காசு கொடுத்தும் அதற்கு விளம்பரம் போட மறுத்தது. இப்படி ஒரு பத்திரிகை வந்திருக்கிறது என்று ஒரு வரி போட மனமில்லை. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, 1914-இல் சாகும்வரை வாராவாரம் எழுதிய அயோத்திதாசரின் எழுத்துக்குத் தமிழறிவுலகம் எத்தனை வருசம் எதிர்வினைக் குறிப்பு போட்டது? அலாய்சியஸ் தொகுத்து 1999-இல் புத்தகமாக வரும்வரை பெரும்பாலோருக்கு அது குப்பைப் பெட்டியில்தான் கிடந்தது. அதனால்தான் எதிர்வினைக் குறிப்பை எடுத்துவிடலாம் என்று தோழர் சொன்னபோது என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. உன் பேச்சைக் கேட்டேன், பதில் சொல்லியிருக்கிறேன் என்று ஒருவர் வந்து நிற்பதற்கு இடம் இல்லையென்றால் அப்புறம் நாம் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்? பொய்யாக வந்து நிற்கிறவனுக்காக மெய்யாக வருகிறவரின் இடத்தை எடுக்கக் கூடாது. பொய்யா மெய்யா என்று போய்ப் பார்க்க வேண்டும். அவர் இதழை வாங்கிப் படிக்க வேண்டும். நம்மைப் பற்றி மெய்யாகவே எழுதியிருந்தால் குறிப்பு, அது வசவாக இருந்தாலும். எழுதவில்லையென்றால் இல்லை. நாங்கள் செய்த தப்பு கதவைத் திறந்தது அல்ல. படிக்காமல் திறந்ததுதான்.

7

கூட்டத்தில் எல்லாம் பேசி முடித்து, 'சரி, இனி வாராவாரம் குப்பைப் பெட்டியை ஒருத்தர் முழுசாப் படிக்கணும்' என்று முடிவெடுத்தோம். யார் படிப்பது? எல்லார் பார்வையும் தானாகவே தட்டச்சு செய்கிற தங்கச்சி மேல் போனது. என் பார்வையும்தான். அவள் சிரித்தாள். 'குப்பை அள்ளணும்னா மட்டும் நானா அண்ணே?'

யாரும் பேசவில்லை. பக்கம் பக்கமாக மலம் அள்ளும் கொடுமையைப் பற்றி எழுதியவர்கள் நாங்கள். 2013-இல் வந்த தடைச் சட்டத்தைப் பற்றிச் சிறப்பிதழ் போட்டவர்கள். சுத்தமான முன்னறை வேண்டும் என்றால் யாரோ ஒருவர் பின்கட்டில் கை நனைக்க வேண்டும், அது யார் என்று கேட்காமலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. உலகத்துக் கைபேசிகளில் ஓடுகிற ஆபாசத்தையும் கொலைக் காட்சியையும் பார்த்துப் பார்த்து நீக்குகிற வேலையும் மணிலாவிலும் நைரோபியிலும் நம் நாட்டிலும் குறைந்த கூலிக்கு இளம்பிள்ளைகள் தலையில்தான் விழுந்திருக்கிறது. குப்பையை எந்திரம் பார்த்துக்கொள்ளும் என்பது பாதிப் பொய். எந்திரத்துக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது.

இப்போது முறை வைத்திருக்கிறோம். ஓய்வுபெற்ற வாத்தியார், நான், தங்கச்சி, இன்னும் இரண்டு பேர். ஆளுக்கொரு வாரம், ஆசிரியர் என்றால் இரண்டு வாரம். எதையும் எந்திரம் அழிக்கவிடுவதில்லை. சந்தேகமானதைத் தள்ளாமல் நிறுத்தி வைக்கிறோம், படித்த பிறகே தள்ளுகிறோம். பெயர், முகவரி இல்லாமல் வந்தால் அதற்காகவே தள்ளுவதில்லை. பெயர் சொன்னால் அடிபடுகிறவர்களும் எழுதுகிறார்கள். அதே நேரத்தில் விசாரிக்காமல் அச்சில் போடுவதும் இல்லை. மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று இரண்டு வரி எழுதுகிறோம். தெரிந்த பெயர் என்பதற்காக யாருக்கும் நேர்வழி கிடையாது. இதிலும் தப்பு வரும். அப்போது திரும்பக் கூட்டம் போடுவோம். குப்பைப் பெட்டி படிக்கிற வேலை அலுப்பான வேலை. நூறு கடன் விளம்பரத்துக்கு ஒரு மனுசக் கடிதம்கூடக் கிடைக்காத வாரம் உண்டு. வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டே படிக்கிறார். ஆனால் படிக்கிறார்.

அந்தப் பிள்ளையைப் பார்க்கப் போனோம். போட்டோவில் இருந்த தாளை வைத்துப் பள்ளியில் பேசினோம், மனுக் கொடுத்தோம். இப்போது அந்த முறை இல்லை. ஆனால் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியிருந்தாள். மில்லுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். வேன் வருகிற நேரம். வாசலில் நின்றுகொண்டேதான் பேசினாள். கடிதம் குப்பையில் கிடந்தது என்பதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

'குப்பைன்னு நீங்க போடலியே, மிசினுதானே போட்டுச்சு' என்றாள், எனக்குச் சமாதானம் சொல்வதுபோல.

வேன் வந்துவிட்டது. அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இவ்வளவு நேரம் எழுதியிருக்கிறேன். இல்லம்மா. மிசின் போட்டதுதான். ஆனால் 26 நாள் திறந்து பார்க்காமல் இருந்தது நான்.